90 மில்லியில் நின்ற கோடு

சிறுநீர்ப்பைச் சோதனை அறையில் நான் தாதியாகச் சேர்ந்த புதிது. அறுபது தாண்டிய ஓர் அம்மா வந்திருந்தார். மெல்லிய குழாய் வழியே பைக்குள் உப்புநீரை மெதுவாக ஏற்றுவோம். சிறுநீர் வருகிற மாதிரி தோன்றினால் சொல்ல வேண்டும், தாங்க முடியாவிட்டாலும் சொல்ல வேண்டும். 90 மில்லிதான் ஏறியிருக்கும். கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, "போதும்மா, நிறுத்திடும்மா" என்றார்.

திரையைப் பார்த்தேன். பையின் தசை சுருங்கினால் அழுத்தக் கோடு மேலே எழும்பும். அதுவோ அசையாமல் படுத்துக் கிடந்தது. பெரும்பாலானோர் 300, 400 மில்லி வரை தாங்குவார்கள். "பதற்றம் அதிகம்" என்று தாளில் எழுதிவைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

தசையைப் பார்த்தேனே தவிர நரம்பை நினைக்கவில்லை. பை விரியும்போது அதன் உள்தோல் ஏடிபி என்ற வேதிப்பொருளைக் கசியவிடும். பக்கத்தில் உள்ள நரம்பு முனைகள் அதை உணர்ந்து தண்டுவடத்துக்குச் சேதி அனுப்பும். வழக்கமாக இந்த வேலை ஏ-டெல்டா என்ற நரம்பு இழைகளுடையது. சி இழைகள் என்று இன்னொரு கூட்டம் உண்டு, அவை பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அழற்சியோ நரம்புக் கோளாறோ வந்தால் அவையும் விழித்துக்கொண்டு, கொஞ்சம் நிரம்பினாலே கூப்பாடு போடும். அந்த அம்மாவின் அவசரம் நிஜமான அவசரம்தான்.

அடுத்த முறை மூன்று நாள் குறிப்பு எழுதி வந்தார். குடித்தது, சிறுநீர் கழித்தது, நேரம், அளவு எல்லாம் பென்சிலில். நடுவே ஒரு வரி: "மின்தூக்கியில் அடக்கிட்டேன். வாசல்ல சாவியை எடுத்ததும் முடியல." இதைச் சொல்லாதவர்களே குறைவு.

சி இழைகளில் மிளகாய்க் காரத்தை உணரும் ஏற்பியும் உண்டு. அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். காரச்சத்தையே பைக்குள் விட்டு நரம்பை மரத்துப்போகச் செய்யும் முயற்சிகூட நடந்திருக்கிறது. ஆர்வத்தில் இதை அவரிடம் சொல்லித் தொலைத்தேன்.

"அப்போ மிளகாய்ச் சம்பால் சாப்பிடுறதை விடணுமா?"

"அது வேறம்மா. முதல்ல தே தாரிக் டீயைக் குறைப்போம். நாளைக்கு ரெண்டுன்னு எழுதியிருக்கீங்களே?"

கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். "அது வீட்டுல குடிச்சதும்மா. காப்பிக் கடையில குடிச்சதை எழுதல."