தேங்காயும் பதில்தானே

"அம்பை மட்டும் பதிலாக எடுத்துக்கொள்கிறீர்கள், தேங்காயை வாங்கிக்கொண்டார்களே, அது பதில் இல்லையா?" என்று அந்த ஆய்வாளர் என்னிடம் கேட்டபோது அவருடைய குரல் சற்றும் உயரவில்லை. அவருடைய பயணக் கோப்பு நாடா கட்டியபடி என் மேஜைமேல் கிடந்தது. எழுந்து போகும்போது அதை அவர் எடுத்துக்கொள்ளவும் இல்லை. நான் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. போர்ட் பிளேரில் நான் எழுதிய ஆயிரக்கணக்கான அலுவலகக் குறிப்புகளில் பெரும்பாலானவை எனக்கு நினைவில் இல்லை. இந்தக் கேள்வியும், இதற்குக் காரணமான நான்கு வரிக் குறிப்பும் மட்டும் என்னை விடவில்லை.

அந்தமானில் உள்ள வட சென்டினல் தீவில் வாழும் பழங்குடியினர் வெளியாரை அம்பெய்து விலக்குபவர்கள். தேங்காய் கொடுத்து அவர்களோடு பழக அந்த ஆய்வாளர் போகவிருந்த பயணத்தைக் கெடுத்தவன் நான். மேலிடத்து உத்தரவாலோ கடல் கொந்தளிப்பாலோ அது நிற்கவில்லை. படகையும் பொருள்களையும் ஆயத்தம் செய்து தரும் பொறுப்பில் இருந்த நான், எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் பம்ப் பழுதாகிவிட்டது என்றும், அதனுள் சுழலும் ரப்பர் சக்கரம் சென்னையிலிருந்து கப்பலில் வரவேண்டும் என்றும் கோப்பில் எழுதினேன். பம்பில் ஒரு பழுதும் இல்லை. அது 1990களின் நடுப்பகுதி, மார்ச் மாதம். கொள்முதல் ஒப்புதல், கப்பல், சரக்கு விடுவிப்பு என்று நாள்கள் ஓடி, சக்கரம் கைக்கு வந்தபோது ஏப்ரல் முடிந்துவிட்டது. மே மாதத்தில் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அந்தத் தீவைச் சுற்றியுள்ள பவளத்திட்டைத் தாண்டிச் சிறு படகைக் கரைப்பக்கம் கொண்டுபோவது உயிரோடு விளையாடுவதாகும். அடுத்த பருவம் வருவதற்குள் ஆய்வாளர் மாற்றலாகிப் போய்விட்டார். சிறிது காலத்தில் அரசே அந்தப் பயணங்களைக் கைவிட்டது.

என் தரப்பில் காரணம் இல்லாமல் இல்லை. புறப்பாட்டுக்கு மூன்று நாள் முன்பு, படகுக்குழுவில் ஒருவருடைய வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்ததைப் பார்த்தேன். அவருடைய குழந்தைக்குத் தட்டம்மை கண்டிருந்தது. 1877ஆம் ஆண்டு தட்டம்மை, பெரிய அந்தமானியர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகளுக்குள் புகுந்து என்ன செய்தது என்பது அந்தத் தீவுகளில் பழங்குடியினர் தொடர்பான பணியில் இருந்த எவருக்கும் தெரியும். பிரித்தானியர் வந்தபோது சில ஆயிரம் பேராக இருந்த அந்த மக்கள் 1901 கணக்கெடுப்பில் 625 பேர், 1961இல் 19 பேர். அவர்களுக்குக் கெடுதல் செய்யவேண்டும் என்று எண்ணாதவர்களும் அந்த வரலாற்றில் இருந்தார்கள். நோயாளிகளைத் தாங்கிப் பிடித்து மருந்து ஊட்டியவர்களும் இருந்தார்கள். 1880இல் போர்ட்மன் என்ற அதிகாரி வட சென்டினலில் இறங்கி ஒரு முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்து போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். முதியவர்கள் இருவரும் நோயுற்று இறந்துபோக, குழந்தைகளைப் பரிசுப் பொருள்களோடு திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் குழந்தைகள் கரைக்கு எதை ஏந்திப் போனார்கள் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் நான் செய்தது சரி என்றே தோன்றும்.

ஆனால் தட்டம்மைதான் காரணம் என்றால் தட்டம்மையையே எழுதியிருக்கலாம். எழுதினால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒருவரை இறக்கிவிட்டு வேறொருவரை ஏற்றிக்கொண்டு, மருத்துவர் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சரி என்று சொல்ல, படகு குறித்த நாளில் புறப்பட்டிருக்கும். நான் நிறுத்த நினைத்தது அந்த ஒருவரை அன்று, பயணத்தையே. நோய் எனக்குக் கிடைத்த நியாயம். பம்ப் எனக்குக் கிடைத்த கருவி. இந்த இரண்டுக்கும் அடியில் இருந்தது, அந்த மக்களை நாம் நெருங்கவே கூடாது என்று எனக்குள் எப்போதோ உறுதிப்பட்டுவிட்ட ஒரு முடிவு. அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. அதிகாரம் இருந்தவர்கள் போகலாம் என்று கையொப்பமிட்டிருந்தார்கள்.

ஆய்வாளருக்கு எப்படித் தெரிந்தது என்பதை நான் கேட்கவில்லை. அவர் என் அறைக்கு வந்து, பம்ப் கெட்டுப்போனதா என்று கேட்கவே இல்லை. ஏன் என்று மட்டும் கேட்டார். நான் அம்மையைச் சொன்னேன், பெரிய அந்தமானியரைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், அந்த மக்களே நம்மை வரவேண்டாம் என்றுதானே இத்தனை காலமாக அம்பெய்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். அதற்குத்தான் அவர் தேங்காயைச் சொன்னார்.

1991 ஜனவரியில் நடந்தது அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். அதுவரை போன குழுக்கள் கரையில் பொருள்களை வைத்துவிட்டு விலகி நின்றன; அந்த முறை தண்ணீரில் மிதக்கவிட்ட தேங்காய்களைச் சென்டினல் மக்கள் கடலுக்குள் இறங்கி வந்து எடுத்துக்கொண்டார்கள். மானிடவியலாளர் மதுமாலா சட்டோபாத்யாய் அந்தக் குழுவில் இருந்தார். அந்தத் தீவில் தென்னை கிடையாது. வேண்டாம் என்று நினைப்பவர் மார்பளவுத் தண்ணீரில் இறங்கி வருவாரா என்பதே ஆய்வாளரின் வாதம். அதே நாளில் ஒருவன் நாணேற்றிய வில்லோடும் நின்றானே என்று நான் சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. அப்போது எனக்கு அது தோன்றவில்லை. பிறகு எத்தனையோ இரவுகளில் தோன்றியது. ஆனால் அதைச் சொல்லியிருந்தால் அவருடைய கேள்விதான் இன்னும் கூர்மையாகியிருக்கும்: வில்லும் தேங்காயும் ஒரே நாளில், ஒரே கரையிலிருந்து வரும்போது, எது அவர்களுடைய பதில் என்று முடிவு செய்தவர் யார்?

அவரிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. 1991க்குப் பிறகு நடந்த ஒரு பயணத்தில் நானும் போயிருந்தேன். பொருள் கணக்குக்காகத்தான் போனேன். சாக்குகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியவன் படகின் விளிம்பில் அமர்ந்து தேங்காய் விட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன் நீந்தி வந்து, நான் விட்ட காயை எடுக்காமல், அதற்கு அப்பால் மிதந்த பெரிய காயை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மீண்டும் திரும்பி நான் விட்டதையும் எடுத்தான். அப்போது என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் பகையும் இல்லை, நட்பு என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை. இரண்டு காய்களோடு எப்படி நீந்துவது என்ற கவலைதான் இருந்திருக்கும். அன்று இரவு நான் தூங்கவில்லை. என் மனைவியிடம் அதை எத்தனை முறை சொன்னேன் என்பதற்குக் கணக்கில்லை. அந்த மகிழ்ச்சியை அனுபவித்துவிட்டு, மற்றவர்களுக்கு அது கூடாது என்று கதவைச் சாத்தியவன் நான். அந்த மகிழ்ச்சியைக் கண்டுதான் பயந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு: இவ்வளவு இனிப்பாக இருக்கும் ஒன்றை யாராலும் ஒருமுறையோடு நிறுத்த முடியாது, அடுத்தடுத்துப் படகுகள் போகும், ஒரு நாள் அவற்றுள் ஒன்றில் அம்மையும் போகும் என்று. அது உண்மையான காரணமா, பின்னாளில் நான் கட்டிக்கொண்ட காரணமா என்பதை இப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பிறகு, அந்தமானின் மற்றொரு பழங்குடியினரான ஜாரவாக்கள் காட்டைவிட்டு வெளியே வந்தார்கள். 1996இல் கால் முறிந்து கிடந்த என்மெய் என்ற சிறுவனை போர்ட் பிளேர் மருத்துவமனைக்குக் கொண்டுவந்து குணப்படுத்தி அனுப்பியதும், 1997இன் பிற்பகுதியில் அவனோடு அவனுடைய மக்கள் ஊர்ப்பக்கம் வரத் தொடங்கியதும் தீவுகள் முழுவதும் பேசப்பட்டன. 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. அந்தச் செய்தி அலுவலகத்துக்கு வந்த காலையில் என் மனத்தில் முதலில் எழுந்தது வருத்தம் அன்று. பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்ற நிறைவு. குழந்தைகள் காய்ச்சலில் கிடக்கும்போது அந்த நிறைவு எனக்கு வந்தது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதே ஜாரவாக்கள் 2001 கணக்கெடுப்பில் 240 பேராகவும் 2011இல் 380 பேராகவும் இருந்தார்கள் என்பதையும் நான் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். என்மெய் இரண்டு கால்களில் நடந்து வீட்டுக்குப் போனான். என்னைப் போன்ற ஒருவன் அன்று அந்த வாகனத்தை மறித்திருந்தால் அவன் நடந்திருப்பானா?

சென்டினல் மக்களைப் பற்றி இப்படி ஒரு கணக்கையும் சொல்ல முடியாது. 2001இல் 39, 2011இல் 15 என்று பதிவாகியிருப்பது தொலைவில் படகிலிருந்து பார்த்து எண்ணியது. கரையில் நின்றவர்களைத்தான் எண்ணினோம். காட்டுக்குள் எத்தனை பேர் என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, மேலே பறந்த ஹெலிகாப்டரை நோக்கி ஒரு மனிதர் வில்லோடு நிற்கும் படம் வந்தபோது, போர்ட் பிளேரில் பலர் கண்கலங்கினோம். பிழைத்துவிட்டார்கள், நம்மைப் போகச் சொல்கிறார்கள் என்று எல்லோரும் அந்தப் படத்தை ஒரே விதமாகப் படித்தோம். நானும் அப்படித்தான் படித்தேன். ஆய்வாளர் பக்கத்தில் இருந்திருந்தால் வேறொரு கேள்வி கேட்டிருப்பார்.

2018இல் ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க இளைஞர் வட சென்டினல் தீவில் இறங்கி உயிரிழந்த பிறகு, அவர்களை விட்டுவிடுங்கள் என்று உலகமே பேசியது. தொலைவிலிருந்து பார்ப்பது, நெருங்காமல் இருப்பது என்பது இன்று அரசின் கொள்கை. நான் நினைத்ததுதான் பின்னர் கொள்கையாயிற்று என்று என் மகன் என்னைத் தேற்றினான். கொள்கை சரியாக இருக்கலாம்; சரி என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் கோப்பில் நான் எழுதிய நான்கு வரிகள் அதனால் உண்மையாகிவிடாது. என் கருத்தை வெளிப்படையாக எழுதி, அதை மேலிடம் மறுத்து, படகு புறப்பட்டிருந்தால், அந்தக் குழந்தையின் அம்மை தீவுக்குப் போயிருந்தால், அப்போதும் நேர்மையாக நடந்தேன் என்று நிம்மதியாக இருப்பேனா என்றும் கேட்டுக்கொள்கிறேன். இருந்திருக்க மாட்டேன்.

இதில் எனக்கு ஆறாத பகுதி தீவோடு சம்பந்தமில்லாதது. பம்ப் பழுது என்று எழுதியதால், பராமரிப்பில் கவனக்குறைவு என்று படகு மெக்கானிக்குக்கு மெமோ போயிற்று. ஓர் ஆண்டு ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. அந்த மெமோவின் நகலில் என் சுருக்கொப்பம் இருக்கிறது. அவர் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர், கைசுத்தமான வேலைக்காரர். புதிய சக்கரம் வந்த அன்று பழையதைக் கழற்றிக் கையில் வைத்து, அதன் ரப்பர் இதழ்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக வளைத்து விட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றும் உடனே நிமிர்ந்துகொண்டது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் அதைப் பழந்துணியில் சுற்றிக் கருவிப்பெட்டியில் வைத்துவிட்டு, புதியதற்கு கிரீஸ் தடவத் தொடங்கினார்.

சில ஆண்டுகளுக்கு முன் அபர்டீன் பஜாரில் அவரைப் பார்த்தேன். தேநீர்க் கடையில் உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தொடங்கினேன். பாதியிலேயே அவர், "தெரியும் சார். அந்தச் சக்கரத்தை மாத்தி ஒரு மாசம்கூட ஆகல" என்றார்.

அப்படியானால் மெமோவுக்கு ஏன் பதில் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"நீங்க எழுதினா ஏதாச்சும் காரணம் இருக்கும்னு நெனச்சேன் சார்."

ஒரு பழைய மெமோவைத் திருத்தச் சொல்லி இப்போதும் விண்ணப்பம் கொடுக்க முடியும், நான் எழுதிக் கையொப்பமிட்டுத் தருகிறேன் என்றேன். "வேணாம் சார், அதெல்லாம் எதுக்கு இப்ப" என்று சொல்லிவிட்டு, என் தேநீருக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்தார். வேண்டாம் என்று அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். விண்ணப்பத்தை எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை.