குதிரையிலிருந்து விழுந்த பிறகு மறுபடி சேணத்தில்

"விழுந்த கையோடு ஏறிவிடு, இல்லாவிட்டால் பயம் ஒட்டிக்கொள்ளும்" என்பது லாயங்களில் காலங்காலமாகச் சொல்வது. சிலருக்குப் பலிக்கும். கைகால் நடுங்க ஏறுபவருக்கோ முதல் அதிர்ச்சியோடு இரண்டாவதும் சேரும். தலையில் அடிபட்டிருந்தால் பேச்சே இல்லை, முதலில் மருத்துவர். அந்த ஹெல்மெட்டையும் தூக்கிப் போடுங்கள்: வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே நசுங்கிய நுரை அடுத்த அடியைத் தாங்காது.

அடுத்து குதிரை. முதுகுவலி, பல் கோளாறு, பொருந்தாத சேணம், இவற்றால் துள்ளித் தள்ளும் குதிரைகள் உண்டு. பிரிட்டன் கால்நடை மருத்துவர் சூ டைசனின் பட்டியலில் சவாரியின்போது கவனிக்க வேண்டிய 24 நடத்தைகள் இருக்கின்றன. காதைப் பின்னால் மடக்கியே வைத்திருப்பது, வாலை ஓயாமல் வீசுவது, வாயைத் திறந்து திறந்து மூடுவது போன்றவை. 8 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் வலி இருக்கக்கூடும். வலியோடு இருக்கும் குதிரையின் மேல் தைரியம் பழகுவது இருவருக்கும் அநியாயம்.

முதல் சில வகுப்புகளுக்குச் சேணம் வேண்டாம். 20 நிமிடம் தரையிலேயே. நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் குதிரைக்குக் கண் தெரியாது, அதனால் தோள்பக்கமாகப் போங்கள். பிரஷ் போடுங்கள், நடத்துங்கள், நிறுத்துங்கள், இரண்டடி பின்னால் எடுக்க வையுங்கள். நீங்கள் நின்றதும் அது நிற்கிறதா என்பதுதான் பாடம்.

பயம் உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் அங்கவடியில் கால் வைக்கும் அந்த நொடியில்தான். அதைத் துண்டு துண்டாக உடையுங்கள். ஒருவர் குதிரையைப் பிடித்துக்கொள்ள, ஏறுபடியில் நின்றுவிட்டு இறங்குங்கள். பிறகு இடது காலை வைத்து எடையைக் கொடுத்து எடுங்கள். பிறகு உட்கார்ந்து பத்து எண்ணி இறங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பயத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண். 3 என்றால் மேலே போகலாம். 6 என்றால் முந்தைய படிக்குத் திரும்புங்கள்.

அதன்பின் லஞ்ச் கயிற்றில் (நடுவில் நிற்கும் பயிற்சியாளர் குதிரையை வட்டமாகச் சுற்ற வைக்கும் நீளக் கயிறு), 15 முதல் 20 மீட்டர் அகல வட்டத்தில், நடை மட்டும். கைக்குப் பிடிக்கக் குதிரையின் கழுத்துப் பட்டை போதும். லகானை முடிச்சுப் போட்டு விட்டுவிடுங்கள். காரணம் உண்டு. பயந்ததும் மூச்சு நிற்கும், இடுப்பு இறுகும், குதிகால் மேலே ஏறும், தொடை கவ்வும். குதிரைக்கு அந்தக் கவ்வல் "போ". அதே நேரம் லகானை இழுக்கும் கை "நில்" என்கிறது. பாவம், அது என்ன செய்யும்? தலையைத் தூக்கிப் பக்கவாட்டில் நகரும், உங்கள் பயம் இரட்டிக்கும். 4 எண்ணி மூச்சை இழுத்து 6 எண்ணி விடுங்கள். எண்ண வராவிட்டால் ஏதாவது பாடுங்கள், மூச்சு தானாக வெளியே வரும்.

பயிற்சியாளரிடம் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். "நிறுத்து" என்றால் குதிரை நிற்க வேண்டும், "இன்னும் ஒரு சுற்று" கிடையாது. காலைத் திருத்தக் கை வைக்குமுன் கேட்க வேண்டும். வேலிக்கு வெளியே நின்று "பயப்படாதே" என்று கத்தும் வீட்டாரை டீ குடிக்க அனுப்பிவிடுங்கள்.

பெரும்பாலும் கெடுவது நன்றாகப் போன நாளில்தான். நடை பழகிய உற்சாகத்தில் அன்றே கேன்டர் (மிதமான பாய்ச்சல் ஓட்டம்) போய், அடுத்த வாரம் லாயத்துப் பக்கமே வராமல் போவார்கள்.

ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு வந்தால், விழுந்த காட்சி கண்முன் ஓடினால், அது மனநல மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். சவாரி வகுப்பால் ஆகாது.

தள்ளிய குதிரைமேலேயே ஏறியாக வேண்டும் என்று கட்டாயமில்லை. லாயத்தில் வயதான, சோம்பேறிக் குதிரை ஒன்று கட்டாயம் இருக்கும். முதல் மாதம் முழுக்க அதையே கேட்டு வாங்குங்கள்.