ஆரஞ்சின் மேல் ஊதா எடுபடாது

ஜூன் 3
இன்று பார்லருக்கு வந்த கல்லூரிப் பெண்ணுக்குச் சாம்பல் கலந்த பொன்னிறம் வேண்டுமாம். தோள் வரை முடி, சாயமே காணாத அசல் கருமை. "ஒரே நாளில் முடிந்துவிடுமா அக்கா?" என்றாள். முடியாது என்று நேராகவே சொன்னேன். பிளீச்சுக்குப் பிறகு நிறத்தைச் சரிசெய்யப் போடும் டோனரும் சாயம்தான் என்பதால் காதுக்குப் பின்னால் துளி தடவி, 48 மணி நேரம் கவனிக்கச் சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 7
அரிப்பு, தடிப்பு எதுவும் இல்லை. பிளீச் போட்டேன். கருமை கரையக் கரைய முதலில் சிவப்பு, பிறகு ஆரஞ்சு, அதன் பிறகே மஞ்சள். இன்று ஆரஞ்சோடு நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் போனால் நுனி தாங்காது. ஊதா டோனர் போட்டால் வெளுத்துவிடும் என்று வீடியோவில் பார்த்தாளாம். யார் இதையெல்லாம் சொல்லித் தருகிறார்களோ! டோனர் முடியை வெளுக்க வைக்காது. வெளுத்த முடியில் எஞ்சியிருக்கும் நிறத்தை எதிர்நிறத்தால் அடக்கும், அவ்வளவுதான். மஞ்சளை அடக்க ஊதா, ஆரஞ்சை அடக்க நீலம். நீலச் சாயல் டோனர் போட்டதும் தணிந்த பழுப்பு வந்தது. அவளுக்கு அதுவே அழகாக இருந்தது.

ஜூன் 29
இரண்டாவது பிளீச். இந்த முறை வாழைப்பழத் தோலின் உட்புறம் போல வெளிர்மஞ்சள் வந்தது. இதற்காகத்தான் காத்திருந்தேன். வெல்லா டி18 என்ற ஊதாச் சாயல் டோனர் ஒரு பங்கு, அதோடு கலக்கும் 20 வால்யூம் டெவலப்பர் இரண்டு பங்கு. அதாவது 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. துண்டால் ஈரம் ஒற்றிய முடியில் வேர்ப்பக்கம் தொடங்கி, நுனிக்குக் கடைசியில் தடவினேன். நுனி பலமுறை அடிபட்ட இடம், சாயத்தை மடமடவென்று குடித்துவிடும். கலவை முடியின் மேல் கருநீலமாகத் தெரியும், அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது. அடிக்கடி ஒரு கற்றையைப் பஞ்சால் துடைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மஞ்சள் மறைந்த உடனே அலசினேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் நுனி சாம்பல் பூத்துப்போயிருக்கும்.

ஜூலை 24
லேசாக மஞ்சள் எட்டிப் பார்க்கிறது என்று வந்தாள். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் டோனர் மங்குவது இயல்பு. தினமும் தலைக்குக் குளிக்கிறாளாம், அதுவும் போர் தண்ணீரில். வாரம் ஒருமுறை ஊதா ஷாம்பு, மற்ற நாளில் சல்ஃபேட் இல்லாதது என்று எழுதிக் கொடுத்தேன். கூட வந்த அம்மா, தேங்காய் எண்ணெய் வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தாராளமாக வைக்கலாம், முடியின் புரதம் கரைவதை அது குறைக்கும் என்றேன். வேரில் கருமை வளர்ந்திருக்கிறது; ஆனாலும் இப்போதைக்குப் பிளீச் கிடையாது. அடுத்த வாரம் டோனர் மட்டும் போடுகிறேன்.