பட்டியலில் போன மாமி வட்டாரத்தில் நிற்கிறார்

அப்பாவின் தங்கை, எனக்கு மாமி, இலங்கையின் உள்ளூராட்சித் தேர்தலில் இந்த முறையும் பிரதேச சபைக்கு நிற்கிறார். எந்தக் கட்சி என்று இங்கே எழுதப்போவதில்லை. ஊராருக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அது தேவையும் இல்லை. 2025 மே 6 வாக்களிப்பு. வேட்புமனு கொடுத்த நாளிலிருந்து பகலில் என் போட்டோகொப்பிக் கடை, பொழுதுபட்டால் வாக்காளர் இடாப்பைத் தூக்கிக்கொண்டு மாமிக்குப் பின்னால் ஒழுங்கை ஒழுங்கையாக நடை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரை வெயிலில் அதற்கு முன் ஒருவரும் வீட்டு வாசலுக்கு வரமாட்டார்கள்.

2018 பெப்ரவரித் தேர்தலில் மாமி வட்டாரத்தில் வென்றவர் அல்ல. உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரத்தில் நேரே வென்று வருவது, 40 வீதம் கட்சி கொடுக்கும் பட்டியலில் இருந்து வருவது என்று முறை மாறி நடந்த முதல் தேர்தல் அது. சபையில் நாலில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டமும் வந்ததால் கட்சிகள் பெண்களைத் தேடி அலைந்தன. மாதர் சங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மாமியின் பெயரைப் பட்டியலில் போட்டார்கள். கடைசியில் அவர்தான் உள்ளே போனார். இப்போது நோட்டீசில் ‘மீண்டும் உங்கள் ஆதரவு’ என்று அடித்திருக்கிறோம். அதைப் பார்த்துவிட்டு சந்திக் கடையில் ஒருவர், “போன முறை எங்களிட்டக் கேக்கவே இல்லையே, மறுகா என்ன மீண்டும்?” என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். மாமி சிரித்துக்கொண்டே, “அதுதான் தம்பி, அப்ப கேக்காததையும் சேத்துக் கேக்க வந்திருக்கன்” என்றார்.

உண்மையில் மாமி எதைக் காட்டி ஆதரவு கேட்கலாம் என்றால், சபையில் இருந்த காலத்தை விட இல்லாத காலத்தைத்தான் நான் சொல்வேன். 2023 மார்ச் 9இல் நடக்க வேண்டிய தேர்தல் காசு இல்லை என்று நின்றுபோனது. அதே மாதம் 19ஆம் திகதியோடு சபைகளின் காலம் முடிந்தது. தேர்தலை நடத்தாதது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் 2025 மேயில்தான் தேர்தல் வருகிறது. அதுவரை உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. ஆனால் மாமியின் போன் அடிப்பது நிற்கவில்லை. ரோட்டு லைட் எரியவில்லை, ஆனை வந்து நிற்கிறது, பிள்ளைகள் ரியூசன் முடிந்து எப்படி வருவது என்று இரவில் எடுப்பார்கள். “நான் இப்ப மெம்பர் இல்லை” என்று மாமி சொல்லி நான் கேட்டதில்லை. எந்தக் கம்பம் என்று கேட்டு எழுதிக்கொள்வார். அடுத்த நாள் காலையில் என் கடையில் கடிதம் அடிக்க வேண்டும். காசு தந்ததாக ஞாபகம் இல்லை. நோட்டீசில் இதைத்தான் போட வேண்டும் என்றேன், கட்சி ஒத்துக்கொள்ளவில்லை. தலைவரின் படமும் சின்னமும் பெரிதாக வர வேண்டுமாம்.

எனக்கும் மாமிக்கும் சண்டை வருவது வேறு இடத்தில். மண்டூர்ப் பக்கம் போனால் வாவிக்கு அக்கரையில் உள்ள குருமண்வெளிக்குப் பாலம் கேட்பார்கள். இன்னும் உள்ளே போனால் யானை வேலி. “ஓம், பார்ப்போம்” என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சொல்லமாட்டார். பாலம் சபையால் கட்ட ஏலாது, வேலி வனசீவராசிகள் திணைக்களத்தின் வேலை, சபைக்கு உரியது உள் வீதி, லைட், குப்பை, சந்தை, நூலகம், மயானம் என்று வாசலில் நின்று வகுப்பு எடுப்பார். எங்களுக்குப் பின்னால் வருகிற மற்றக் கட்சிக்காரர் இரண்டையும் தருவதாகச் சொல்லிவிட்டுப் போவார்.

தலையாட்டுகிறவர் எல்லாம் ஆதரவாளர் இல்லை என்பது இடாப்போடு நடந்தால்தான் விளங்கும். “உங்களுக்குத்தான் மகள்” என்று கன்னத்தைத் தடவி அனுப்பும் அம்மா, அடுத்தவருக்கும் அதே கன்னம் தடவுவார். பாவம், அவரும் ஊரில் இருக்க வேண்டுமே. மாமியின் அளவுகோல் வேறு. கட்டாரிலோ குவைத்திலோ இருக்கும் பிள்ளையின் வட்ஸ்அப் நம்பரைத் தந்தால்தான் அந்த வீடு கணக்கில் சேரும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கிருந்து வாக்களிக்க நம் நாட்டில் வழியில்லை. இடாப்பில் பெயர் மட்டும் இருக்கும். ஆனால் வீட்டுக்குக் காசு அனுப்புகிற பிள்ளை இரவில் போன் எடுத்து ஒரு சொல் சொன்னால், இங்கே நாங்கள் வாசலில் பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதற்கிடையில் சித்திரை வருடப்பிறப்பு வந்துவிட்டது. வாக்காளருக்கு வேட்பாளர் எதுவும் கொடுக்கக் கூடாது, ஒரு தேத்தண்ணி கூட. ஆனால் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு வருடப்பிறப்புக் காசு, கைவிசேடம், கொடுக்காமல் இருப்பதா? மாமி இரண்டு நாள் யோசித்து, சொந்தக்காரப் பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டார். பக்கத்து ஒழுங்கைப் பொடியன்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகிற வீடெல்லாம் எங்களுக்குப் பலகாரம் தந்தார்கள். அதற்குத் தடை இல்லை, நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

வயதானவர்களுக்கு விளங்கப்படுத்துவதில்தான் அதிக நேரம் போகிறது. 2024 நவம்பரில் பாராளுமன்றத்துக்குக் கட்சிக்கும் போட்டு, அதில் பிடித்த வேட்பாளரின் விருப்பு இலக்கத்துக்கும் போட்டவர்கள், மாமியின் இலக்கம் என்ன என்று கேட்கிறார்கள். இலக்கம் இல்லை, வாக்குச்சீட்டில் மாமியின் பெயரும் இருக்காது, சின்னத்துக்கு நேரே ஒரு புள்ளடி மட்டும். “பேரும் இல்லாட்டி உன்னட்ட என்னத்துக்குகா வந்த?” என்று ஒரு ஆச்சி கேட்டார். மாமிக்கே பதில் வரவில்லை.

செலவுக் கணக்கும் என் தலையில்தான். 2023இல் வந்த சட்டப்படி முடிவு வெளியாகி 21 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும், வென்றாலும் தோற்றாலும். பெற்றோல், நோட்டீஸ், பொடியன்களின் சாப்பாடு எல்லாவற்றுக்கும் துண்டு வைத்திருக்கிறேன்.

மே 3 நள்ளிரவோடு பிரசாரம் முடிகிறது. மிச்சம் இருப்பது குளத்தடி ஒழுங்கை. எதிர்த்து நிற்பவரின் வீடும் அங்கேதான், அவர் எங்களுக்கு மச்சான் முறை. அவர் வீட்டுக்கும் போய்க் கேட்க வேண்டும், அவருடைய அம்மா தன்னை வளர்த்தவர் என்கிறார் மாமி. பெற்றோல் முடிந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். நடந்து போவோம் என்கிறார்.