உருண்டைக்கு இரை தேடிய ஆறு மாதம்

2024 ஆகஸ்டில் உருண்டை எங்கள் புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்தபோது அதன் எடை 160 கிராம். பால் பைத்தான் என்ற மலைப்பாம்பு வகையின் குட்டி. பெயரைக் கேட்டதும், கடலூரிலிருந்து வந்திருந்த ஆயா ஒரு கிண்ணத்தில் பாலை ஊற்றி எடுத்து வந்துவிட்டார்.

"இது குடிக்கிற பால் இல்ல ஆயா. இங்கிலீஷ்ல பால்னா பந்து. பயந்தா பந்தாட்டம் சுருண்டுக்கும்."

"அப்போ புத்துக்கு ஊத்துறோமே, அந்தப் பால் எங்க போவுது கண்ணு?"

ஆயாவுக்கு நிதானமாகச் சொன்னேன். பாம்பு பாலூட்டி இல்லை, பால் அதற்குச் செரிக்காது. தண்ணீர் கிடைக்காமல் வாடிப்போன பாம்புதான் எதிரில் இருக்கும் எதையும் குடிக்கும். முட்டையும் இதற்கு வேண்டாம். முட்டையை மட்டுமே தின்று வாழும் பாம்பு ஆப்பிரிக்காவில் உண்டு, ஆனால் அது வேறு இனம். அன்று கிண்ணத்துப் பால் தயிருக்குப் போனது.

வளர்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் ஊர் சாரையையோ மலைப்பாம்பையோ வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உருண்டை மேற்கு ஆப்பிரிக்க இனம். வளர்ப்பவரிடமே பொரித்த குட்டி. 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்கிறேன்.

சரி, இரைக்கு வருவோம். இயற்கையான உணவுதான் கொடுக்க வேண்டும் என்பதில் முதல் நாளிலிருந்தே உறுதியாக இருந்தேன். ஆனால் இயற்கை என்றால் என்ன என்பதைத் தப்பாகப் புரிந்துவைத்திருந்தேன். பாகூரில் மாமாவுக்கு நிலம் இருக்கிறது. வரப்பு எலிக்குப் பஞ்சமே இல்லை. வயலில் ஓடித் திரிந்த எலியைவிட இயற்கையானது எது என்று நினைத்துக்கொண்டு போனேன். மாமா கேட்டதும் தலையை ஆட்டிவிட்டார். "நம்ம வயல்ல நான் மருந்து வைக்கல மாப்ள. பக்கத்து வயல்ல என்ன வச்சிருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வி என்னை நிறுத்திவிட்டது. புரோமடியோலோன் மாதிரியான எலி மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் நடமாடும். மருந்து அதன் ஈரலில் தங்கியிருக்கும். அந்த எலியை விழுங்கும் பாம்புக்கும் ஆந்தைக்கும் விஷம் போய்ச் சேரும். இது போக ஒட்டுண்ணிகள், பிடிக்கிற நமக்கு எலிக்காய்ச்சல். பல்லி, தவளையையும் இதே காரணத்தால் விலக்கினேன். வெறும் கையோடு திரும்பினேன்.

அடுத்து கோழி ஈரலை நீளமாக நறுக்கிக் காட்டினேன். உருண்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நல்ல வேளை. ஈரலிலும் தசைக்கறியிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அதை மட்டுமே தின்னும் பாம்புக்கு எலும்பு பலவீனமாகும். முழு எலியில் எலும்பிலிருந்து கால்சியம், ஈரலிலிருந்து வைட்டமின் ஏ, எல்லாம் ஒன்றாக வந்துவிடுகிறது. இரையை முழுசாக விழுங்கும் உயிருக்கு இரையை முழுசாகத்தான் கொடுக்க வேண்டும்.

கடைசியில் வில்லியனூர் பக்கம் வெள்ளைச் சுண்டெலி வளர்க்கும் ஒருவரைப் பிடித்தேன். எலிக்கு என்ன தீனி, கூண்டு எப்படி என்று போய்ப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். கோதுமையும் மக்காச்சோளமும் கொடுக்கிறார், படுக்கை காய்ந்திருந்தது, நாற்றம் இல்லை. எலி தின்றதுதானே நாளை உருண்டையின் உடம்பில் சேரப்போகிறது. உறையவைத்த எலியையே வாங்குகிறேன். உயிரோடு விட்டால் எலி திருப்பிக் கடிக்கும், பாம்பின் முகமும் கண்ணும் போய்விடும். உறையவைப்பதால் ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் சாகும், ஆனால் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா சாகாது. அதனால் இதற்கென்றே ஒரு பழைய சின்ன ஃப்ரிட்ஜ், தனி டப்பா, தனி இடுக்கி. அம்மாவின் ஃப்ரிட்ஜ் பக்கம் போவதே இல்லை.

அளவுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு: பாம்பின் உடம்பு எங்கே அதிகம் தடித்திருக்கிறதோ, எலியின் தடிமன் அதைத் தாண்டக் கூடாது. எடையில் பார்த்தால் பத்திலிருந்து பதினைந்து சதவீதம். 160 கிராம் குட்டிக்கு 16 முதல் 24 கிராம். வாரத்துக்கு ஒன்று.

உறைந்த எலியை இளக்குவதில்தான் ரொம்பத் தடுமாறினேன். முதல் எலியை மேசைமேல் வைத்தேன். வெளியே மெத்தென்று இருந்தது, உள்ளே பனிக்கட்டி. உருண்டை திரும்பிப் படுத்துக்கொண்டது. இரண்டாவதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டதில் வயிறு வெடித்துவிட்டது. அதைப் புதைக்க வேண்டியதாயிற்று. மைக்ரோவேவ் பக்கம் போகவே வேண்டாம், ஒரு பக்கம் வெந்து இன்னொரு பக்கம் உறைந்தே இருக்கும். இப்போது செய்வது இதுதான்: முதல் நாள் இரவே சின்ன ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவேன். மறுநாள் சாயங்காலம் அதை ஒரு கவரில் கட்டி, கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் இருபது நிமிடம். வயிற்றை அழுத்திப் பார்த்து உள்ளே கட்டி இல்லையென்று தெரிந்த பிறகு தலையை மட்டும் இன்னும் கொஞ்சம் சூடாக்குவேன். பால் பைத்தானின் மேலுதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் இருக்கின்றன, சூடான தலையைத்தான் அது உயிருள்ள இரையாக எடுத்துக்கொள்கிறது. விளக்கை அணைத்து, நீள இடுக்கியால் எலியை மெல்ல அசைத்தேன். ஒரே பாய்ச்சல். மூன்று சுற்று சுற்றி இறுக்கியது. இரை எடுத்த அந்த முதல் இரவு நான் சரியாகத் தூங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இரை எடுத்தபின் இரண்டு நாள் தொடுவதில்லை. தொட்டால் கக்கிவிடக்கூடும்.

நவம்பர் கடைசியில் எடை 242 கிராம். அப்புறம் ஃபெஞ்சல் புயல் வந்தது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் ஏறக்குறைய 48 செ.மீ. மழை. எங்கள் தெருவில் மின்சாரம் போய்விட்டது. சின்ன ஃப்ரிட்ஜில் இருந்த பதினொரு எலியும் இளகிவிட்டன. எவ்வளவு நேரமாக இளகிக் கிடந்தன என்று தெரியாத எலியை மறுபடி உறையவைத்துக் கொடுக்க மனசு வரவில்லை. மொத்தமும் குழிக்குள் போனது.

உருண்டையின் கூண்டைச் சூடாக வைக்கும் வெப்பத்தட்டும் ஓடவில்லை. வழக்கமாக 32 டிகிரி இருக்கும் சூடான மூலை 25க்கு இறங்கியிருந்தது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்தேன், இரை மட்டும் கொடுக்கவில்லை. உடம்பு குளிர்ந்திருக்கும்போது விழுங்கினால் எலி வயிற்றுக்குள்ளேயே அழுகும். பசியோடு இருக்கிறதே என்று அம்மாவுக்கு வருத்தம். நல்ல உடம்புள்ள பால் பைத்தான் சில வாரம் தாங்கும் என்று அவருக்குச் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

மின்சாரம் வந்து சூடு நிலைத்தபின், டிசம்பர் 14 அன்று வழக்கத்தைவிடச் சின்ன எலியாக, 15 கிராமில் ஒன்று கொடுத்தேன். எடுத்துக்கொண்டது. எடை 234க்கு இறங்கியிருந்தது. ஜனவரி கடைசியில் 263. சட்டையை ஒரே துண்டாக, கண்ணுக்குமேல் இருக்கும் செதில் உட்பட, உரித்துப் போட்டிருந்தது. அதை ஆயா கேட்டு வாங்கிக் கடலூருக்குக் கொண்டுபோனார்.

அடுத்து காடைக் குஞ்சு. காட்டில் இளம் பால் பைத்தான்கள் பறவைகளையும் பிடிக்கின்றன. மாதத்தில் ஒரு வேளை மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். பண்ணைக்காரரிடம் தீனியில் என்ன மருந்து கலக்கிறார் என்று கேட்டிருக்கிறேன். பதில் வரட்டும்.