போர்ட்டைத் திறக்காமலேயே கடலூர் நாஸுக்கு வழி போட்ட அனுபவம்

மஞ்சக்குப்பத்தில் என் மாமா கட்டட வரைபட அலுவலகம் நடத்துகிறார். நானும் அங்கேதான் வேலை செய்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு புதுச்சேரி லாஸ்பேட்டையில் குடியிருப்பதால், வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வரைவேன். கோப்புகள் எல்லாம் அலுவலகத்தில், இரண்டு டிஸ்க் போட்ட ஒரு சினாலஜி நாஸில் (நெட்வொர்க்கில் இணைத்து வைக்கும் கோப்புச் சேமிப்புப் பெட்டி) இருக்கின்றன. வரைபடங்களோடு வாடிக்கையாளர்களின் பட்டா, பத்திர நகல், வில்லங்கச் சான்று, ஆதார் நகல் எல்லாமே அதில்தான். நம்மை நம்பிக் கொடுத்த ஊராரின் காகிதங்கள் அவை.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூர் - புதுச்சேரி சாலையில் போக்குவரத்து நின்றபோது, வீட்டிலிருந்து அந்தப் பெட்டியை எட்டுவது எவ்வளவு அவசியம் என்று புரிந்தது. அப்புறம் அலுவலக இணைப்பை வேறு ஃபைபருக்கு மாற்றினோம். மாற்றிய அன்றே வெளியிலிருந்து நாஸ் திறப்பது நின்றுபோனது.

பெட்டியைப் பொருத்திக் கொடுத்தவரைக் கேட்டேன். "ஸ்டாடிக் ஐபி வாங்கிடுங்க மேடம், பழையபடி போர்ட்டை ஓப்பன் பண்ணிடலாம்" என்றார். ஸ்டாடிக் ஐபி என்பது வெளியிலிருந்து எட்டக்கூடிய, மாறாத இணைய முகவரி. போர்ட் என்பது அந்த முகவரியில் ஒரு கதவு எண் மாதிரி. பழைய ரௌட்டரில் 5000, 5001 இரண்டு போர்ட்டையும் இணையத்துக்கு அவர் திறந்து வைத்திருந்தது அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. சரி என்று சொல்வதற்கு முன்னால் நாஸின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். தோற்றுப்போன லாகின் முயற்சிகள் பக்கம் பக்கமாக ஓடின. அட்மின், ரூட், டெஸ்ட் என்று பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டு யாரோ முட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நல்லவேளையாக ஒன்றும் உள்ளே வரவில்லை.

மாமாவிடம் காட்டினேன். "நம்ம பத்திரத்தை எவன்மா தேடப் போறான்?" என்றார். நியாயமான கேள்விதான். யாரும் நம்மைத் தேடி வருவதில்லை. திறந்திருக்கும் போர்ட்டுகளை இயந்திரங்கள் இரவு பகலாகத் துழாவிக்கொண்டே இருக்கின்றன. அப்படித் துழாவிச் சேர்த்த பட்டியலைத் தேடிப் பார்க்க ஷோடான் போன்ற தளங்களே இருக்கின்றன. 2021 ஏப்ரலில் கியூலாக்கர் என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்), இணையத்தில் தெரிந்த கியூநாப் கம்பெனி நாஸ்களுக்குள் புகுந்து, கோப்புகளை 7-ஜிப் கொண்டு பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியது. காப்பு எடுக்கும் செயலியில் இருந்த ஓட்டைதான் அதற்கு வழி. பாஸ்வேர்டு எவ்வளவு வலுவாக இருந்தாலும் அங்கே பயனில்லை. 2022 ஜனவரியில் டெட்போல்ட் வந்து, பூட்டைத் திறக்க ஆளுக்கு 0.03 பிட்காயின் கேட்டது. சினாலஜிக்கும் 2014-இல் சினோலாக்கர் வந்திருக்கிறது. எந்தக் கம்பெனிப் பெட்டி என்பதை விட, அது இணையத்துக்கு முகம் காட்டி நிற்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அதைக் கேட்டதும் மாமா, "போர்ட்டு வேணாம்மா, வேற வழி பாரு" என்று சொல்லிவிட்டார்.

முதலில் புது இணைப்பில் ஏன் திறக்கவில்லை என்று பார்த்தேன். ரௌட்டரில் வேன் முகவரி (இணையப் பக்கத்து முகவரி) 100.72 என்று தொடங்கியது. கூகுளில் 'என் ஐபி என்ன' என்று தேடினால் வேறொரு எண் வந்தது. இரண்டும் பொருந்தாவிட்டால் நாம் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறோம் என்று அர்த்தம். இணைய நிறுவனம் ஒரே வெளி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் ஏற்பாடு அது. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகளை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். மாமாவுக்கு இப்படிச் சொன்னேன்: "கூட்டுப் பட்டா மாதிரி மாமா. ஒரே எண்ணுல நிறைய பேர் இருக்கோம். வெளியாளுக்கு அந்த எண் தெரிஞ்சாலும் நம்ம பங்கு எதுன்னு தெரியாது." அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

ஸ்டாடிக் ஐபிக்கு மாதாமாதம் தனிக் கட்டணம். அது பழைய ஆபத்தையும் திருப்பிக் கொண்டுவரும். வெளியிலிருந்து நாஸை எட்ட சினாலஜியே தரும் குயிக்கனெக்ட் வசதி சுலபமானது, சிஜிநாட்டைத் தாண்டியும் வேலை செய்யும். ஆனால் அதில் நாஸுக்கு வைக்கும் பெயர் தெரிந்த எவரும் லாகின் பக்கம் வரை வந்துவிட முடியும். எங்கள் காகிதங்களுக்கு அது போதாது என்று நினைத்தேன். வயர்கார்டு என்ற விபிஎன் (கருவிகளுக்கு இடையே பூட்டிய தனிப் பாதை போடும் மென்பொருள்) எனக்குப் பிடித்தது. சரியான சாவி இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு அது பதிலே தராது. துழாவுகிறவனுக்கு அங்கே ஒன்றும் இல்லாத மாதிரிதான் தெரியும். 2020-இல் 5.6 பதிப்போடு லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் அதை நேரடியாக வைக்க ஏதாவது ஒரு முனையில் வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி வேண்டும்.

கடைசியில் வயர்கார்டின் மேல் கட்டிய டெயில்ஸ்கேலை எடுத்தேன். இதில் நாஸும் லேப்டாப்பும் இரண்டுமே உள்ளிருந்து வெளியே போய் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்கின்றன. அதனால் ரௌட்டரில் எதையும் திறக்க வேண்டாம், சிஜிநாட்டும் தடையில்லை. நேரடியாகச் சேர முடியாவிட்டால் இடையில் ஒரு ரிலே சர்வர் வழியாகப் போகும். சாவி நம் கருவிகளை விட்டு வெளியே போவதில்லை என்பதால் ரிலேவுக்கு உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது.

நிறுவும் முன் பெட்டியைச் சுத்தம் செய்தேன். அதிக நேரம் பிடித்தது இதுதான். நாஸை இயக்கும் டிஎஸ்எம் மென்பொருளைப் புதுப்பித்து, 'அட்மின்' என்ற பழைய கணக்கை முடக்கி, ஆளுக்கொரு கணக்கு போட்டேன். எல்லோருக்கும் எல்லா ஃபோல்டரும் தேவையில்லை. சைட்டைப் பார்க்கும் தம்பிக்கு வரைபட ஃபோல்டர் மட்டும், அதுவும் படிக்க மட்டும். இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கி, தப்பான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் தானாகத் தடுக்கும் வசதியையும் இயக்கினேன். நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் முறையான எஸ்எம்பி-யின் முதல் பதிப்பை அணைத்தேன். புது ரௌட்டரில் யுபிஎன்பி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் கருவி நம்மைக் கேட்காமலே போர்ட்டைத் திறந்துகொள்ள வழி விடுவது அதுதான். அதையும் அணைத்தேன்.

அப்புறம் பேக்கேஜ் சென்டரில் டெயில்ஸ்கேலைத் தேடி நிறுவுவது சில நிமிட வேலை. நாஸுக்கு ஒரு முகவரி கிடைத்தது. அதுவும் 100-இல் தொடங்கும். சிஜிநாட் முகவரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வீட்டிலும் அலுவலகத்திலும் உள் முகவரிகள் 192.168.1 என்றே தொடங்கினாலும் இந்த முகவரியைப் போட்டால் மோதல் வராது. டெயில்ஸ்கேலுக்குள் நுழைவது கூகுள் கணக்கு வழியாகத்தான். அந்தக் கணக்கு பறிபோனால் நாஸ் வரை பாதை கிடைத்துவிடும் என்பதால், அதற்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டேன். புதுக் கருவி எதுவும் என் ஒப்புதல் இல்லாமல் சேரக் கூடாது என்றும் அமைத்தேன்.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. டெயில்ஸ்கேலில் ஒவ்வொரு கருவியின் சாவியும் இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். லேப்டாப்புக்கு அது நல்லது. ஆளில்லா அலுவலகத்தில் இருக்கும் நாஸுக்கு அது சிக்கல். மழைக்காலத்தில் காலாவதியானால் நேரில் போகாமல் வழியில்லை. நாஸுக்கு மட்டும் அந்தக் காலாவதியை நிறுத்தி வைத்தேன்.

சோதனையை மாமா வீட்டுத் திண்ணையில் செய்தோம். மொபைலில் வைஃபையை அணைத்து, டேட்டாவில் டெயில்ஸ்கேல் இல்லாமல் முயன்றபோது நாஸ் திறக்கவில்லை. அதை இயக்கியதும் திறந்தது. திறக்காததைத்தான் நான் கவனமாகச் சோதித்தேன். புது ஃபைபரில் ஐபிவி6 என்ற புதுவகை இணைய முகவரியும் வருகிறது. அதில் ஒவ்வொரு கருவிக்கும் உலகத்துக்குத் தெரியும் முகவரி கிடைப்பதால், ரௌட்டரின் ஃபயர்வால் உள்வரும் இணைப்பைத் தடுக்கிறதா என்று நாஸின் ஐபிவி6 முகவரியைப் போட்டுத் தனியாகப் பார்த்தேன். தடுத்தது. ஐபிவி6-ஐ அப்படியே விட்டதில் ஒரு லாபமும் இருந்தது: முன்பு ரிலே வழியாகப் போன வீட்டு இணைப்பு நேரடியாகச் சேர ஆரம்பித்து, வேகம் நன்றாகக் கூடியது.

ஆனாலும் பெரிய ஆட்டோகேட் கோப்பை நெட்வொர்க் டிரைவில் வைத்து நேரடியாகத் திறப்பது வேண்டாம். தூரத்தில் எஸ்எம்பி தத்தித் தத்தித்தான் நடக்கும். நான் சினாலஜி டிரைவ் கொண்டு நடப்பு வேலையின் ஃபோல்டரை மட்டும் லேப்டாப்பில் ஒத்திசைத்துக்கொள்கிறேன்.

இதெல்லாம் இருந்தாலும் காப்புப் பிரதி தனியாக வேண்டும். இரண்டு டிஸ்க் கண்ணாடி போல் ஒன்றாக ஓடுவது காப்பு ஆகாது. ஒன்றில் அழிந்தது மற்றதிலும் அழியும். கோப்புகளின் அன்றைய நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் தினமும் ஓடுகிறது. ஒரு வெளி டிஸ்கில் எடுத்த நகலைக் கழற்றி, கூத்தப்பாக்கத்தில் மாமா வீட்டு மாடியில் வைக்கிறோம். கரண்ட் போனால் நாஸ் ஒழுங்காக அணைய யுபிஎஸ்ஸை யுஎஸ்பி வழியாக இணைத்தேன். கரண்ட் வந்ததும் தானாக இயங்கும் தேர்வையும் போட்டேன். ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் இன்வெர்ட்டரில் இருக்கின்றன.

போன மாதம் சைட் தம்பியின் போன் பஸ்ஸில் தொலைந்துவிட்டது. "அக்கா, நாஸ்ல உள்ள போயிடுவாங்களா?" என்று பதறிப்போய்க் கூப்பிட்டான். லாஸ்பேட்டையிலிருந்தபடியே டெயில்ஸ்கேல் பட்டியலில் அந்தப் போனை நீக்கினேன். அவனுடைய நாஸ் பாஸ்வேர்டை மாற்றி, திறந்திருந்த அமர்வுகளையும் முடித்தேன். கூகுள் கணக்கிலிருந்து அந்தப் போனை வெளியேற்ற அவனுக்கு வழி சொன்னேன். புதுப் போன் வாங்கி வந்ததும் அதற்கு ஒப்புதல் கொடுத்தேன்.