எதிரெதிர் முகமுள்ள ரோமானிய மாகாணக் காசு: ஊரும் ஆண்டும் கண்டுபிடித்த விதம்

காசு வெண்கலம். விட்டம் 27 மி.மீ., எடை 12 கிராம். முன்பக்கம் ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு மார்பளவு உருவங்கள், பின்பக்கம் தராசு ஏந்தி நிற்கும் பெண். கரூர், புதுக்கோட்டைப் புதையல்களில் வந்த அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளில் கண் பழகியவர்கள் லத்தீனைத் தேடுவார்கள். இதில் ஓடுவது கிரேக்கம்.

முதலில் எழுத்து. மேலிருந்து வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட மேஜையோடு படுக்க வைத்து, காசைச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். ஆங்கிலக் கண்ணோடு படித்தால் கோட்டைவிடுவோம்: 'பி' போல இருப்பது ர, 'எச்' போல இருப்பது ஏ, 'சி' போல இருப்பது ஸ.

பின்பக்கத்தில் தேறிய பகுதி '...பொலிட்டோன்', அதாவது ஊர்க்காரர்களுடைய காசு. இதை மட்டும் வைத்து ஊரை முடிவு செய்யக் கூடாது. நிகோபொலிஸ், ஹாட்ரியனோபொலிஸ், மார்க்கியனோபொலிஸ் எல்லாமே இப்படித்தான் முடியும். சொல்லின் தலை வேண்டும். தேய்ந்த இடத்தில் 'ர், க்' இரண்டும் தேறின. மார்க்கியனோபொலிஸ், இன்றைய பல்கேரியாவின் தேவ்னியா.

பெண்ணுக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும் எழுத்து எப்சிலன். எண்ணாக அது 5. ஐந்து அஸ்ஸாரியா (அக்கால வெண்கலச் சில்லறை அலகு) மதிப்பு. வட்ட வடிவ எப்சிலனின் நடுக்கோடு தேய்ந்தால் ஸ போலவே தெரியும், கவனம்.

முன்பக்கத்தில் இடப்புறம் இருப்பவர் பேரரசர் மூன்றாம் கோர்டியன். வலப்பக்க உருவம்தான் ஆண்டைச் சொல்லும். தாடியும், தலையில் தானியம் அளக்கும் மரக்கால் போன்ற மகுடமும் இருந்தால் செராபிஸ் தெய்வம். அந்த மகுடம் தேய்ந்துவிட்டால் பலர் இதை இன்னொரு பேரரசர் என்றே எழுதிவிடுகிறார்கள். பெண்ணாக இருந்தால் கோர்டியனின் மனைவி ட்ராங்குவில்லினா. திருமணம் கி.பி. 241இல் என்பதால் காசு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. இங்கே இருப்பது செராபிஸ். பின்பக்க எழுத்து வரிசையின் தொடக்கத்தில் உப்சிலன், பை, அடுத்து 'மேனோபி...'. அந்த இரண்டு எழுத்துக்குப் பின் வருவது ஆளுநர் பெயர். மேனோபிலஸ் என்றால் 238–241 வாக்கில்.

ஊர், அரசர், ஆளுநர், தராசு நான்கையும் ஆர்பிசி (ரோமன் ப்ராவின்ஷியல் காயினேஜ்) என்ற மாகாணக் காசுகளின் இணையப் பட்டியலில் கொடுத்தால் சில வகைகளே மிஞ்சும். அவற்றைப் பிரிப்பது சில்லறை வேறுபாடு: எப்சிலன் இடமா வலமா, பெண்ணின் காலடியில் சக்கரம் உண்டா, எழுத்து எங்கே உடைகிறது.

இருபுறமும் நடுவில் இருக்கும் சிறு குழி சேதமல்ல. அச்சடிக்கும் முன் பட்டறையில் விழுந்தது. அதை மண்ணென்று நினைத்து ஊசியால் குடையாதீர்கள். சந்தேகப்பட வேண்டியது விளிம்பை: சுற்றிலும் ஒரே கோடாக ஒட்டுத்தடமும் மேற்பரப்பில் குமிழித் துளைகளும் இருந்தால், காசு வார்ப்புப் போலி.